திடலில் நான் கற்ற பாடம்

 

ஆண்டு மலருக்குத் தலைமையாசிரியர் ஒரு கட்டுரை எழுத வேண்டும் என்பது வழக்கம். பள்ளியின் வளர்ச்சி, தேர்வின் பயன், ஒழுக்கத்தின் உயர்வு ஆகியவற்றைப் பற்றி முன்னைய மலர்களில் எழுதியிருக்கிறேன். இவ்வாண்டு அவற்றை விடுத்து, ஒரு தாயார் என்னிடம் கேட்ட கேள்விக்கு விடையாக இக்கட்டுரையை எழுதத் துணிந்தேன். அன்று அவருக்கு நான் முறையாக விடையளிக்கவில்லை. முப்பது ஆண்டுகளுக்கு முன் நான் செய்த பிழையொன்று என் நாவைக் கட்டிவிட்டது.

நம் பள்ளியின் இல்ல விளையாட்டுப் போட்டி முடிந்த மாலை நேரம். பரிசுக் கோப்பைகளை எடுத்து வைத்துக் கொண்டிருந்தோம். சிவப்பு, நீலக் கொடிகளை மாணவர்கள் சுருட்டிக் கொண்டிருந்தனர். செம்பனைத் தோட்டத்தில் பழக்குலை வெட்டும் தொழிலாளி ஒருவரின் மனைவியார் தயங்கித் தயங்கி என்னருகே வந்தார். அவருடைய மகள் ஐந்தாம் ஆண்டு மாணவி. மாவட்டப் போட்டிக்கு 100 மீட்டர் ஓட்டத்தில் அவளைத் தேர்ந்தெடுத்திருந்தோம்.

"சார், எம் பொண்ணு வாயில்லாப் பூச்சி. நாலு பேரு பார்த்தாலே நடுங்குவா. அவளைப் போயி மாவட்டத்துக்கு அனுப்புறீங்களே, தாங்குவாளா? அதுக்கெல்லாம் ஒரு குணம் வேணும் இல்லீங்களா?" என்றார்.

"பார்த்துக் கொள்ளலாம் அம்மா, கவலைப்படாதீர்கள்" என்று மட்டுமே சொல்லி அனுப்பினேன். ஆனால் "அதுக்கெல்லாம் ஒரு குணம் வேணும்" என்ற அந்தச் சொற்கள் அன்றிரவு என்னை உறங்க விடவில்லை. ஏனெனில் அதே கருத்தை ஒரு காலத்தில் என் கைப்படவே எழுதியவன் நான்.

1992-ஆம் ஆண்டு ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியிலிருந்து வெளிவந்து, வேறொரு தோட்டப் பள்ளியில் முதன்முதலாகப் பணியேற்றேன். அங்கிருந்த ஆசிரியர்களுள் வயதில் இளையவன் நான்தான். ஆகவே விளையாட்டுப் பொறுப்பு என் தலையில் விழுந்தது. பால்மரக் காட்டின் ஓரத்தில் சற்றே சரிந்த ஒரு திடல். மழை பெய்தால் ஒரு மூலையில் நீர் தேங்கும். சுண்ணாம்பைக் கரைத்துக் கோடு போடுவோம். காலணி அணிந்து ஓடிய பிள்ளைகளை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

அப்பள்ளியில் ஐந்தாம் ஆண்டில் இரண்டு மாணவியர் இருந்தனர். ஒருத்தி உயரமானவள், கலகலப்பானவள், "நான்தான் முதலில் வருவேன்" என்று உரக்கச் சொல்லிவிட்டே ஓட்டக் கோட்டில் நிற்பாள். மற்றவள் சிறிய உருவினள், பேசினால் அடுத்திருப்பவருக்கே கேளாது, வெறுங்காலோடு ஓடுவாள். போட்டிக்கு ஒருத்தியைத்தான் அனுப்ப இயலும். இருவரையும் இருமுறை ஓடவிட்டுப் பார்த்தேன். ஒருமுறை இவள் முந்தினாள். மறுமுறை அவள் முந்தினாள். மூன்றாம் முறை ஓடவிட வேண்டிய நாளன்று, அமைதியான பிள்ளை அழுதுகொண்டே திடலின் ஓரத்துக்கு ஓடி, ஒரு மரத்தடியில் வாந்தி எடுத்துவிட்டாள். நான் மூன்றாம் ஓட்டத்தை நடத்தவேயில்லை. உயரமான பிள்ளையின் பெயரை எழுதிக் கொண்டேன். மற்றவளைப் பற்றி என் குறிப்பேட்டில், "ஓட்டத்தில் விரைவு உண்டு, போட்டிக்குரிய குணம் இல்லை" என்று எழுதினேன். எழுதியதோடு நில்லாமல், அப்பிள்ளையிடமே அதைச் சொல்லியும் விட்டேன். அன்று என் வயது 23. மனித மனத்தைப் படித்துவிட்டோம் என்ற செருக்கு அந்த வயதுக்கே உரியது.

போட்டி நாளில் நடந்தது என்ன? தேர்ந்தெடுக்கப்பட்ட பிள்ளை முதல் சுற்றிலேயே கடைசிக்கு முந்திய இடத்தில் வந்தாள். பெரிய பள்ளிகளிலிருந்து வந்த பிள்ளைகள் அவளைவிட உயரம், அவளைவிட விரைவு. "நீ பிறவி வீராங்கனை" என்று நாங்கள் அதுவரை சொல்லிச் சொல்லி வளர்த்த அப்பிள்ளை, ஒரே நாளில் உடைந்து போனாள். அதன்பின் பயிற்சிக்கு அவள் வரவேயில்லை. ஓட்டக் கோட்டில் நிறுத்தப்படாத பிள்ளையும் அதன்பின் ஓடவில்லை. ஒருத்தியைப் புகழ்ந்து இழந்தேன். மற்றவளை இகழ்ந்து இழந்தேன்.

ஆண்டுகள் பல உருண்டன. பத்து ஆண்டுகளுக்கு முன் கூலாயில் ஒரு திருமண மண்டபத்தில், பந்தியில் எனக்கு எதிரே அமர்ந்திருந்த ஒரு பெண்மணி எழுந்து வந்து வணங்கினார். அந்த அமைதியான பிள்ளைதான். தொழிற்சாலையில் மேற்பார்வையாளராக இருப்பதாகவும், இரண்டு குழந்தைகளுக்குத் தாய் என்றும் சொன்னார். பேச்சு பழைய திடலை நோக்கித் திரும்பியது. நான் மெல்ல, "அன்று உன்னை நான் ஓடவிட்டிருக்க வேண்டும் அம்மா" என்றேன். அவர் சிரித்தார். கோபம் சிறிதும் இல்லை.

"எனக்குப் பயந்தான் சார். ஆனா ஓடணும்னு ஆசையாவும் இருந்துச்சு. நீங்க குணம் இல்லேன்னு சொன்னீங்க. சார் சொன்னா சரியாத்தான் இருக்கும்னு விட்டுட்டேன்" என்றார்.

பயமும் ஆசையும் ஒரே உள்ளத்தில் ஒரே நேரத்தில் இருக்கக்கூடும் என்பதைப் பயிற்சிக் கல்லூரி எனக்குக் கற்றுத் தந்திருக்கலாம். ஆனால் நான் அதைக் கற்றுக் கொண்டது அந்தப் பந்தியில்தான். அன்று தொடங்கி, விளையாட்டில் சிறக்கும் பிள்ளைகளின் குணநலன் எத்தகையது, அதை முன்கூட்டியே கண்டுகொள்ள முடியுமா என்பது பற்றிக் கிடைத்த நூல்களையெல்லாம் படிக்கலானேன். படித்தவற்றுள் உங்களுக்குப் பயன்படக் கூடியவற்றை இங்கே எளிய முறையில் தருகிறேன்.

"விளையும் பயிர் முளையிலே தெரியும்" என்பது நம் முன்னோர் மொழி. நாம் எல்லோரும் அதை நம்புகிறோம். அறிஞர்களும் ஒரு காலத்தில் நம்பினார்கள். 1960-களில் அமெரிக்காவின் சான் ஹோசே நகரில் பணியாற்றிய புரூஸ் ஓகில்வி, தாமஸ் டட்கோ என்னும் இரண்டு உளநூலார், விளையாட்டாளரின் குணத்தை அளப்பதற்கென்றே 190 வினாக்கள் கொண்ட ஒரு வினாத்தாளை ஆக்கினார்கள். ஊக்கம், மன உறுதி, தலைமைப் பண்பு, தன்னம்பிக்கை, உணர்ச்சிக் கட்டுப்பாடு, பயிற்றுநரின் சொல்லை ஏற்கும் தன்மை முதலான 11 குணங்களை அது அளக்கும் என்றனர். பல குழுக்கள் அதைப் பயன்படுத்தின. ஆனால் நாளடைவில் பிற ஆய்வாளர்கள், எவர் வெல்வார் எவர் தோற்பார் என்பதை அத்தாளைக் கொண்டு முன்னுரைக்க முடியவில்லை என்று குறை கூறலாயினர்.

பின்னர் வில்லியம் மார்கன் என்னும் அமெரிக்க அறிஞர் வேறொரு வழியில் சென்றார். சிறந்த விளையாட்டாளரிடம் பதற்றம், சோர்வு, சினம், களைப்பு, குழப்பம் ஆகிய ஐந்தும் பொதுமக்களின் சராசரியைவிடத் தாழ்ந்தும், உற்சாகம் ஒன்று மட்டும் உயர்ந்தும் இருப்பதைக் கண்டார். வரைபடத்தில் அதைக் குறித்தால், கடலில் மிதக்கும் பனிமலையின் முகடு நீருக்கு மேல் நிமிர்ந்து நிற்பது போல் தோன்றும். ஆகவே 1980-இல் அதற்குப் பனிமலை வடிவம் என்றே பெயரிட்டார். கேட்பதற்கு இனிமையான கருத்துத்தான். எனினும் 1995-இல் பல ஆய்வுகளைத் திரட்டி ஒன்றாக வைத்துப் பார்த்தபோது, மிகுதியாக வென்றோருக்கும் குறைவாக வென்றோருக்கும் இடையிலான வேறுபாட்டில் நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவானதையே அவ்வடிவம் விளக்கியது. நூற்றில் தொண்ணூற்றொன்பது பங்கு வேறு காரணங்களிடம் இருந்தது!

இதிலிருந்து குணத்துக்கும் விளையாட்டுக்கும் தொடர்பே இல்லை என்று கொள்ளலாமா? கூடாது. விடாமுயற்சியும் ஒழுங்கும் உள்ள பிள்ளை, அவை இல்லாத பிள்ளையைவிட நெடுநாள் பயிற்சியில் நிலைத்து நிற்கும் என்பதில் ஐயமில்லை. ஆனால் ஒரு குழந்தையின் முகத்தைப் பார்த்தோ, பேச்சைக் கேட்டோ, இவன் மாநில அளவுக்குச் செல்வான், இவன் செல்லமாட்டான் என்று முடிவு கட்டும் அளவுக்கு எந்த அளவுகோலும் நம்மிடம் இல்லை. இன்னொன்றும் கவனிக்கத் தக்கது. வென்றவரிடம் தன்னம்பிக்கை மிகுந்திருக்கிறது என்றால், தன்னம்பிக்கையால் வென்றாரா, வென்றதனால் தன்னம்பிக்கை வந்ததா? முதலில் வந்தது கோழியா முட்டையா என்ற கேள்வி போன்றதே இதுவும்.

என் பிழையின் வேர் எங்கே இருந்தது என்பதையும் நூல்களே எனக்குக் காட்டின. குணம் என்பது வேறு. ஒரு நேரத்து மனநிலை என்பது வேறு. மரம் வேறு, மரத்தின்மீது விழும் நிழல் வேறு அல்லவா? பந்தயத்துக்கு முன் வயிறு கலங்குவதும், கை வியர்ப்பதும், வாந்தி வருவதும் உடம்பு தன்னைப் போருக்கு ஆயத்தப்படுத்திக் கொள்வதன் அறிகுறிகள். இதயம் விரைந்து துடிக்கிறது. குருதி வயிற்றை விட்டுத் தசைகளை நோக்கிப் பாய்கிறது. அதனால் வயிறு முரண்டு பிடிக்கிறது. உலகப் புகழ் பெற்ற வீரருக்கும் இது நேர்வதுண்டு. சிலருக்கு இந்தப் பதற்றம் இயல்பாகவே சற்று மிகுதி. ரெய்னர் மார்ட்டன்ஸ் என்பவர் 1977-இல் 15 வினாக்கள் கொண்ட ஒரு சிறு தாளை ஆக்கி, போட்டியின்போது எந்தப் பிள்ளைக்குப் பதற்றம் மிகும் என்பதை அளந்தறிய வழிகண்டார். அத்தகைய பிள்ளையை ஒதுக்குவதற்கு அன்று. அதற்கு உதவி மிகுதியாகத் தேவை என்று அறிவதற்கே அத்தகைய தாள் பயன்பட வேண்டும். நானோ பதற்றத்தைக் கண்டவுடன் கதவைச் சாத்திவிட்டேன்.

இரண்டாவது பிழை இதைவிட எளியது, இதைவிட வெட்கத்துக்குரியது. அவ்விரு மாணவியரும் ஒரே வகுப்பில் படித்தவர்கள். ஆனால் உயரமான பிள்ளை சனவரி மாதத்தில் பிறந்தவள். அமைதியான பிள்ளை அதே ஆண்டு திசம்பரில் பிறந்தவள். ஏறத்தாழ ஓராண்டு வேறுபாடு! நம் நாட்டில் பிறந்த ஆண்டைக் கொண்டே வகுப்பும், விளையாட்டின் வயதுப் பிரிவும் அமைகின்றன. பதினொரு வயதுப் பிள்ளைக்கு ஓராண்டு வளர்ச்சி என்பது உயரத்திலும் வலிமையிலும் பெரிய செல்வம். அந்தச் செல்வத்தைத்தான் நான் குணம் என்று மயங்கினேன். கனடா நாட்டில் ரோஜர் பார்ன்ஸ்லியும் அவருடன் பணியாற்றியோரும் 1985-இல் இதைத் தெளிவாக எடுத்துக் காட்டினார்கள். அங்கே பனிவளைகோல் பந்தாட்டத்தில் இளையோரைச் சேர்ப்பதற்குச் சனவரி முதல் நாளே எல்லைக்கோடு. சிறந்த குழுக்களில் இருந்த இளைஞர்களின் பிறந்த நாளை எடுத்துப் பார்த்தால், ஆண்டின் முதல் மூன்று மாதங்களில் பிறந்தோர் மிகுந்தும், கடைசி மூன்று மாதங்களில் பிறந்தோர் மிகக் குறைந்தும் காணப்பட்டனர். வயதில் மூத்தவன் வெல்கிறான், வெல்வதால் தேர்ந்தெடுக்கப்படுகிறான், தேர்ந்தெடுக்கப்படுவதால் நல்ல பயிற்சி பெறுகிறான், பயிற்சியால் உண்மையிலேயே சிறந்தவன் ஆகிவிடுகிறான். இளையவனோ, "எனக்கு இது வராது" என்று வீடு திரும்புகிறான்.

இதைப் படித்த பிறகு நம் பள்ளியின் பழைய விளையாட்டுக் குறிப்பேடுகளை எடுத்துப் பிறந்த நாட்களோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். அஞ்சல் ஓட்டக் குழுவில் இடம்பெற்ற பிள்ளைகளுள் பெரும்பாலோர் ஆண்டின் முற்பகுதியில் பிறந்தவர்களாகவே இருந்தனர். திசம்பரில் பிறந்த பிள்ளைகள் அனைவரும் குணம் இல்லாதவர்கள் என்று எவரேனும் சொல்லத் துணிவாரா?

தொழிலாளத் தோழர்களே, இதை உங்களுக்கு நான் எடுத்துச் சொல்லவும் வேண்டுமோ? செடெனாக்கில் பால்மரமும் செம்பனையும் வளர்த்தவர்கள் நீங்களும் உங்கள் பெற்றோருமே. பால்மரக் கன்றை நட்டு ஆறேழு ஆண்டுகள் காத்திருந்த பிறகே கத்தி வைக்கிறோம். மூன்றாம் ஆண்டில் மெலிந்து நிற்கும் மரத்தைப் பார்த்து, "இது பால் தராது" என்று எந்தக் கங்காணியும் வெட்டிச் சாய்ப்பதில்லை. மரத்துக்குக் காட்டும் பொறுமையைப் பிள்ளைக்கும் காட்டுவோம் என்பதே என் வேண்டுகோள்.

இனி, வென்றவர்களைப் பார்ப்போம். நம் நாட்டின் விளையாட்டு வரலாற்றில் நம்மவர் பெயர்கள் பல பொன்னெழுத்தில் உள்ளன. மாணிக்கவாசகம் ஜெகதீசன் 1960-இல் ரோம் ஒலிம்பிக்கில் 400 மீட்டர் ஓடியபோது அவருக்கு வயது 16. அன்று பதக்கம் ஏதும் அவர் பெறவில்லை. 1962-இல் ஜகார்த்தாவில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டியில் 200 மீட்டரில் தங்கம் வென்றார். 1966-இல் பாங்காக்கில் 100 மீட்டர், 200 மீட்டர், 4 × 100 மீட்டர் அஞ்சல் ஓட்டம் ஆகிய மூன்றிலும் தங்கம். 1968-இல் மெக்சிகோ ஒலிம்பிக்கில் 200 மீட்டர் அரையிறுதி வரை சென்று, 20.92 வினாடியில் ஓடினார். அந்தத் தேசியச் சாதனை 2017-ஆம் ஆண்டு வரை, அதாவது 49 ஆண்டுகள், முறியடிக்கப்படாமல் நின்றது. இடையில் மருத்துவப் படிப்பையும் அவர் கைவிடவில்லை. 16 வயதில் பதக்கம் பெறாத பிள்ளையை, "இவ்வளவுதான் இவன்" என்று எவரேனும் முத்திரை குத்தியிருந்தால் என்ன ஆகியிருக்கும்?

அதே 1966 பாங்காக் போட்டியில் பெண்களுக்கான 400 மீட்டரில் தங்கம் வென்றவர் மு. இராஜமணி. பேராக் மாநிலத்துத் தாப்பாவில் பிறந்தவர். அவ்வாண்டுதான் நம் நாட்டில் சிறந்த விளையாட்டு வீரர், வீராங்கனை விருதுகள் முதன்முறையாக வழங்கப்பட்டன. அவற்றைப் பெற்றவர்கள் ஜெகதீசனும் இராஜமணியுமே.

1998-இல் கோலாலம்பூரில் பொதுநல விளையாட்டுப் போட்டி நடந்தபோது, கோவிந்தசாமி சரவணன் 50 கிலோமீட்டர் பெருநடையில் தங்கம் வென்றார். அப்போட்டிகளின் தடகளப் பிரிவில் மலேசியாவுக்குக் கிட்டிய முதல் தங்கம் அது. நான்கு மணி நேரத்துக்கும் மேலாக வெயிலில் நடந்த நடை! 100 மீட்டர் ஓட்டம் பத்து வினாடியில் முடிந்துவிடும். 50 கிலோமீட்டர் நடை ஒரு முற்பகல் முழுவதும் நீளும். இவ்விரண்டுக்கும் ஒரே குணம் போதுமா? வெடிமருந்து போல் சட்டென்று பற்றிக் கொள்பவன் ஒன்றுக்கு ஏற்றவன். கணப்பு நெருப்புப் போல் நின்று எரிபவன் மற்றொன்றுக்கு ஏற்றவன். ஆகவே, "போட்டிக்குரிய குணம்" என்று ஒன்றே ஒன்று உலகில் இல்லை. பலவகைப் போட்டிகள் உண்டு. பலவகைக் குணங்களும் உண்டு.

அண்மைக் காலத்துச் செய்தி ஒன்றும் சொல்வேன். சுவர்ப்பந்து வீராங்கனை சிவசங்கரி சுப்பிரமணியம் 2022-ஆம் ஆண்டு நடுவில் சாலை விபத்தில் சிக்கிக் கழுத்தெலும்பில் முறிவுற்றார். அவ்வாண்டுப் பொதுநல விளையாட்டுப் போட்டியில் அவரால் பங்கேற்க இயலவில்லை. மறு ஆண்டே ஹாங்சோ நகரில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டியில் ஒற்றையர் பிரிவில் தங்கம் வென்றார். கீழே விழுந்தபின் எழுவது என்னும் ஒரு பண்பை எந்த வினாத்தாளாலும் முன்கூட்டி அளந்திருக்க இயலாது. விழுந்த பிறகே அது வெளிப்படும்.

சரி, குணத்தை அளக்க முடியாது என்றால், ஆசிரியரும் பெற்றோரும் கைகட்டி நிற்பதா? அன்று. குணத்தை அளப்பதைவிட வளர்ப்பதே நம் வேலை. இதற்கும் சான்றுகள் உள. 1979-இல் அமெரிக்காவில் ஸ்மித், ஸ்மோல் என்னும் அறிஞர்களும் அவர்தம் குழுவினரும் சிறுவர் அடிப்பந்தாட்டப் பயிற்றுநர்களுக்கு ஒரு பயிற்சி அளித்தனர். நல்ல முயற்சியைக் கண்டால் பாராட்டுக. பிழை செய்தால் ஏசாமல் ஊக்கமூட்டி, அடுத்த முறை எப்படிச் செய்வது என்று காட்டுக. பிழைக்குத் தண்டனை தருவதைத் தவிர்க்க. இவ்வளவே அதன் சாரம். அப்பயிற்சி பெற்றோரிடம் விளையாடிய சிறுவர்கள், மற்றச் சிறுவர்களைவிடத் தங்கள் பயிற்றுநரையும் தோழர்களையும் மிகுதியாக நேசித்தார்கள். யாருக்கு மிகுந்த நன்மை தெரியுமா? தன்னைப் பற்றித் தாழ்வாக எண்ணிக் கொண்டிருந்த பிள்ளைகளுக்கே!

பெஞ்சமின் புளூம் என்னும் கல்வியறிஞர் 1985-இல் வெளியிட்ட நூலில், தத்தம் துறையில் உச்சத்தைத் தொட்ட 120 பேரின் இளமையை ஆராய்ந்தார். நீச்சல் வீரர்களும் வரிப்பந்து வீரர்களும் அவர்களுள் அடங்குவர். பெரும்பாலோருக்கு முதல் ஆசிரியராக வாய்த்தவர் பெரும்புலவர் அல்லர், அன்பானவர், பாடத்தை விளையாட்டாக்கித் தந்தவர். கடுமையான பயிற்சி பின்னரே வந்தது. முதலில் வந்தது விருப்பம். 1998-இல் கரோல் டுவெக்கும் அவர் தோழியும் நடத்திய ஆய்வோ, "நீ அறிவாளி" என்று புகழப்பட்ட சிறுவர்கள் தோல்விக்குப் பின் சோர்ந்தார்கள், "நன்றாக முயன்றாய்" என்று பாராட்டப்பட்டவர்கள் மேலும் முயன்றார்கள் என்று காட்டியது. "நீ பிறவி வீராங்கனை" என்று நான் கெடுத்த அந்த உயரமான பிள்ளையின் நினைவு, இதைப் படித்தபோது என் கண்முன் வந்து நின்றது.

இவற்றையெல்லாம் எண்ணிப் பார்த்தே, நம் பள்ளியில் சில மாற்றங்களைச் செய்தோம். நான்காம் ஆண்டு வரை எல்லாப் பிள்ளைகளும் ஏதேனும் ஓர் ஓட்டத்தில் ஓடியே தீர வேண்டும். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஓர் அட்டை உண்டு. அதில் எத்தனையாவது இடம் என்பதை எழுதுவதில்லை. எத்தனை வினாடி என்பதை மட்டுமே எழுதுகிறோம். சென்ற மாதத்துத் தன்னைத் தானே முந்துவதுதான் அங்கே வெற்றி. மாவட்டத்துக்குத் தேர்ந்தெடுக்கும்போது மூன்று வாரங்களில் மூன்று முறை ஓடவிட்டு நேரத்தைப் பார்க்கிறோம்; யார் உரக்கப் பேசுகிறார் என்பதைப் பார்ப்பதில்லை. அஞ்சும் பிள்ளையைப் போட்டித் திடலுக்கு முன்னதாகவே அழைத்துச் சென்று, ஓட்டப் பாதையை ஒருமுறை நடந்து பார்க்கச் செய்கிறோம். மூச்சை மெல்ல இழுத்து மெல்ல விடக் கற்பிக்கிறோம். குறிப்பேட்டில் எந்தப் பிள்ளையின் குணத்தைப் பற்றியும் ஒரு சொல்லும் எழுதலாகாது என்பது என் கண்டிப்பான விதி. அந்த விதி முதலில் எனக்காகவே இயற்றப்பட்டது.

எல்லாப் பிள்ளைகளும் மாநில வீரர்கள் ஆகிவிடுவார்கள் என்று உங்களுக்கு ஆசை காட்ட நான் விரும்பவில்லை. பள்ளி, மாவட்டம், மாநிலம், நாடு என்று ஏறும் ஏணியில் ஒவ்வொரு படியிலும் இடம் குறைந்துகொண்டே போகும். ஒருவர் வெல்ல ஏழு பேர் தோற்பதே பந்தயம். நம் பொறுப்பு, விரும்பும் பிள்ளைக்கு முதல் படியில் கால் வைக்க இடமளிப்பது. ஏறுவதும் இறங்குவதும் அதன்பின் அவர்தம் காலுக்கும் காலத்துக்கும் உரியவை.

பெற்றோர்களே, "நாங்கள் படிக்காதவர்கள், எங்கள் பிள்ளைக்கு இதெல்லாம் எங்கிருந்து வரும்?" என்று உங்களுள் சிலர் என்னிடம் சொல்வதுண்டு. என் அன்னையாரும் பால்வெட்டுத் தொழிலாளிதான். விடியுமுன் எழுந்து, பெரட்டுக்குப் போய், தலையில் விளக்கைக் கட்டிக் கொண்டு, 500 மரங்களுக்குக் குறையாமல் வெட்டுவார். ஒவ்வொரு மரத்திலும் பட்டையை மெல்லிய இழையாக, மரத்துக்குக் காயம் படாமல் சீவ வேண்டும். ஒரு நாளல்ல, இரு நாளல்ல, முப்பது ஆண்டுகள். மழை நாளிலும் காய்ச்சல் நாளிலும் கைப்பழக்கம் தவறியதில்லை. விளையாட்டு நூல்கள் ஒழுங்கு, விடாமுயற்சி, கவனம் என்று எவற்றைப் போற்றுகின்றனவோ, அவை உங்கள் இல்லத்தில் நாள்தோறும் விடியற்காலையில் எழுந்து நடமாடுகின்றன. உங்கள் பிள்ளை அவற்றைப் பார்த்தே வளர்கிறது. நீங்கள் செய்ய வேண்டியது ஒன்றே. பந்தயம் முடிந்து வரும் பிள்ளையிடம், "எத்தனையாவது வந்தாய்?" என்று முதலில் கேளாதீர்கள். "ஓடியது பிடித்ததா?" என்று கேளுங்கள்.

செடெனாக் மாறிவருகிறது. இரப்பர்க் காடு செம்பனைக் காடாயிற்று. இன்று நெடுஞ்சாலைக்கு அருகே தரவு மையங்களின் பெருங்கட்டடங்கள் எழுகின்றன. தோட்டத்து வீடுகளிலிருந்து குடும்பங்கள் நகரங்களுக்குப் பெயர்கின்றன. தோட்டப் பள்ளிகளில் பிள்ளைகள் எண்ணிக்கை குறைந்து வருவதை நீங்கள் அறிவீர்கள். இருக்கும் சில பிள்ளைகளுள் ஒரு பிள்ளையைக்கூட, "உனக்குக் குணம் இல்லை" என்று சொல்லித் திடலை விட்டு அனுப்பும் உரிமை நமக்கில்லை.

இறுதியாக, அந்தத் தாயார் கேட்ட கேள்விக்கு வருகிறேன். மாவட்டப் போட்டி நாளன்று நானும் சென்றிருந்தேன். ஓட்டத்துக்கு அரைமணி நேரம் இருக்கும்போது அப்பிள்ளை திடலோரம் சென்று வாந்தி எடுத்தாள். முப்பது ஆண்டுகளுக்கு முந்திய அந்த மரத்தடி என் நினைவில் வந்தது. விளையாட்டு ஆசிரியை என் முகத்தைப் பார்த்தார். நான் ஒரு குவளை நீரை எடுத்துச் சென்று, வாயைக் கொப்பளிக்கச் சொல்லி, "பயமாக இருக்கிறதா அம்மா?" என்று கேட்டேன். ஆமாம் என்று தலையசைத்தாள். "ஓட ஆசையாகவும் இருக்கிறதா?" என்றேன். சிறிது நேரம் நிலத்தைப் பார்த்துவிட்டு, அதற்கும் ஆமாம் என்றே தலையசைத்தாள்.

ஓடினாள். நான்காவதாக வந்தாள். பதக்கம் இல்லை. ஆனால் அவளது அட்டையில் இருந்த எல்லா நேரங்களையும்விட அன்றைய நேரமே சிறந்தது. கம்பி வேலிக்கு அப்பால் நின்றிருந்த அவள் தாயார் முந்தானையால் கண்ணைத் துடைத்துக் கொண்டார். தோற்ற பிள்ளைக்காக அழுகிறார் என்று எண்ணி அருகே சென்றேன். "தாங்கிட்டா சார்" என்றார் அவர்.

பேருந்தில் திரும்பி வரும்போது அப்பிள்ளை என் இருக்கைக்கு அருகே வந்து நின்றாள். ஐந்தாம் ஆண்டுத் தொடக்கத்திலிருந்து அவள் தானாக வந்து என்னிடம் பேசியது அதுவே முதல் முறை.

"சார், அடுத்த வருசமும் என் பேரை எழுதிக்குவீங்களா?" என்றாள்.

எழுதிக் கொண்டேன், அம்மா. என் குறிப்பேட்டின் முதல் பக்கத்திலேயே எழுதிக் கொண்டேன்.

மாணவச் செல்வங்களே, அஞ்சுவது குற்றமன்று. ஆசையை அடக்கிக் கொள்வதே இழப்பு. அனைவரும் உடல் நலமும் உள்ள உறுதியும் பெற்றுச் சிறப்புற வாழ வாழ்த்துகிறேன்.

அன்புடன்,
உங்கள் தலைமையாசிரியர்